துரைத்தனத்தை எனக்குத் தெரியாது

ஒரு பொய் சொல்லி ஒரு மனிதரைப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டவன் நான். பெரிய பொய்கூட இல்லை. 'தெரியாது' என்று ஒரே ஒரு சொல். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அதைச் சொன்னபோது நான் போட்டிருந்த பேண்ட்டே அவர் தைத்ததுதான். வேடிக்கைகளையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, இதைக் கடைசியில் மெல்ல நுழைத்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இனி வேடிக்கைக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன செய்தி கள்ளக்குறிச்சியில் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த ஒருவருக்கு மட்டும் நாற்பது வருஷமாகியும் சேரவில்லை. அரசாங்கத்தை அவர் 'துரைத்தனம்' என்றுதான் சொல்வார். துரைமார்கள் ஆண்ட காலத்துச் சொல் அது. ரேஷன் கடை அவருக்குத் துரைத்தனத்துக் கடை. அரசு மேல்நிலைப் பள்ளி துரைத்தனத்துப் பள்ளிக்கூடம். அங்கே தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்திருந்த நான் துரைத்தனத்து உபாத்தியாயர். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, ஊர் அவரையே துரைத்தனம் என்று கூப்பிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கோபமே வராது.

முதல் தடவை பேண்ட் தைக்கத் துணியோடு போய் நின்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை அளந்தார்.

"இன்னா தைக்கணும் உபாத்தியாரே?"

"பேண்ட்."

"சராயா? ஜேபி எத்தினி வெக்கட்டும்?"

சராய் என்றால் பேண்ட், ஜேபி என்றால் பாக்கெட் என்று பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மொழிபெயர்த்தார். சட்டையை அவர் சொக்காய் என்பார். அது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியும். கைக்குட்டையை லேஞ்சி என்பார். அது அவர் மனைவிக்கு மட்டும் புரியும்.

தையற்கடையோடு விட்டால் பரவாயில்லை. சினிமாக் கொட்டகையைப் பயாஸ்கோப்பு என்பார். போலீஸ்காரர் அவருக்கு டாணாக்காரர். பஸ் நிலையத்துக்குப் போய், "மலைக்குப் போற கரிவண்டி வந்துட்டுதா?" என்று கேட்பார். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டினார்களாம். கரி போய், அந்த பஸ் முதலாளியும் போய்ச் சேர்ந்து, வழித்தடமே அரசாங்கத்திடம் வந்த பிறகும் அவர் கரியை விடவில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியின் கண்டக்டர் ஒருவர் ஒருநாள் நொந்துபோய், "ஏறு பெருசு, ஏறிக்கினு ஒரு கூடை கரியையும் அள்ளிப் போடு" என்றார். இவர் நிஜமாகவே கூடை எங்கே என்று பார்த்தார்.

கர்ணம், மணியக்காரர் வேலைகளை ஒழித்துவிட்டு அரசாங்கம் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்திருந்த நேரம் அது. எங்கள் ஊருக்கு வந்தவர் இளைஞர். மீசையை முறுக்கி, புது பைக்கில் வருவார். துரைத்தனம் அவரை நடுத்தெருவில் நிறுத்தி, "கும்புடறேங்க கர்ணம்" என்பார்.

"பெரியவரே, கர்ணத்தையெல்லாம் ஒழிச்சுட்டாங்க."

"அய்யய்யோ. அப்ப நெலக் கணக்கெல்லாம் யாரு எழுதறது?"

"நான்தான் எழுதறேன்."

"பயிர் அடங்கல்?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கர்ணம்னா இன்னா தப்பு?"

அந்த இளைஞர் அதற்குப் பிறகு கடைத்தெரு வழியாக வருவதையே நிறுத்திக்கொண்டு, சுற்றிக்கொண்டு போனார்.

எனக்கும் அடி விழுந்தது. நான் மாடியில் குடியிருந்த வீட்டில் எந்தக் காலத்திலோ ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரசர் ஒருவர் இருந்தாராம். எனக்குப் பெண் கொடுக்க விசாரிக்க வந்தவர் துரைத்தனத்திடம் வழி கேட்டிருக்கிறார். "டிரசர் வூட்டுப் புள்ளயா? தங்கமான புள்ள" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார் இவர். வந்தவர் மாடி ஏறாமலே திரும்பிப் போய்விட்டார். ஆசிரியர் என்று பொய் சொல்லிவிட்டார்களே என்று தரகரிடம் சண்டை போட்டாராம்.

நான் அப்போது தூய தமிழ்ப் பித்து பிடித்தவன். பஸ்ஸைப் பேருந்து என்றும் சைக்கிளை மிதிவண்டி என்றும் சொல்லாதவர்களைத் திருத்துவதே பிறவிப் பயன் என்று நினைத்திருந்தேன். துரைத்தனத்தைப் போலப் பேசிக்காட்டி ஆசிரியர் அறையில் கைதட்டல் வாங்குவேன். அதே வாயால் அவருக்கு அறிவுரையும் சொல்வேன். "காலம் மாறிப்போச்சுங்க" என்றால், "மாறட்டும். நானா புடிச்சு வெச்சுக்கினு கீறேன்?" என்பார்.

பிடித்துத்தான் வைத்திருந்தார். சின்ன வயதில் கல்வராயன் மலையில் ஒரு ஜாகீர்தார் வீட்டுத் தையற்காரரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். மலை வெகுகாலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்து, பிறகுதான் அரசாங்கத்திடம் வந்தது. மலைக்காரர்களுக்கு இவர் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. அறுப்பு முடிந்ததும் கை மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி, வீடு வீடாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டு இறங்குவார்.

இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்ட வருஷங்கள் அவை. திடீர் திடீரென்று மறியலுக்கு வெட்டிய மரங்கள் சாலையில் சாயும். பஸ் நிற்கும். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் யாராவது உடந்தை என்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பேச்சு. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் என்னுடையது. கடைத்தெருவில் நாலு பேர் கூடி நின்றால்கூட நான் எதிர்ப்பக்கமாக நடப்பேன்.

அந்தச் சமயத்தில் பள்ளி வேலையாக என்னைக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் பார்த்தால் முன் சீட்டில் துரைத்தனம். மடியில் கை மிஷின், காலடியில் கனமான கோணிப்பை. அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு வழக்கம். கீழே இறங்குகிற ஆள் எவனானாலும், ஊரில் மழுங்கிக் கிடக்கிற அரிவாள், கத்தி எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சியில் சாணை பிடித்து அடுத்த தடவை கொண்டுவர வேண்டும். மாட்டேன் என்றால் அந்த ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது. துரைத்தனம் எப்படியும் தன் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கப் போகிறவர். அதனால் பெரியதனக்காரர் என்கிற மலையூர்த் தலைவருடையது முதல் ஊர் இரும்பெல்லாம் அவர் தலையில்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அப்போதுதான் அறுத்தது, மரத்தூள் ஈரம் காயவில்லை. பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. டிரைவர், "எறங்கி நடங்க, வண்டி இதுக்கு மேல போவாது" என்றார். எல்லாரும் நடந்தோம். மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் தடுமாறியதைப் பார்த்துக் கோணிப்பையை நான் வாங்கிக்கொண்டேன். கேட்காமல் நானாகத்தான் வாங்கினேன்.

"உள்ள இன்னா இவ்ளோ கனம்?" என்றேன்.

"அருவாளுங்க, கொடுவா. அப்புறம் ஒரு பெரிய ரம்பம்."

என் கால் நின்றுவிட்டது. "ரம்பமா? மரம் அறுக்கிற ரம்பமா?"

"பின்ன, சராயா அறுக்கறது? பல்லெல்லாம் மொக்கையாப் பூட்டுது உபாத்தியாரே. அதால ஒரு வாழத்தாரு அறுக்க முடியாது."

பின்னால் வெட்டிய மரம். என் தோளில் ரம்பம். திரும்பி மலைக்கே ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் வளைவில் போலீஸ் வேன் தெரிந்தது. அடுத்து நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. "இந்தாங்க, பிடிங்க" என்று பையை அவரிடம் கொடுத்துவிட்டு, பத்தடி முன்னால் வேகமாக நடந்தேன்.

பையைத் தலைகீழாகக் கொட்டினார் ஒரு கான்ஸ்டபிள். ரம்பம் சாலையில் விழுந்து ங்ஙொய் என்று நெடுநேரம் பாடிக்கொண்டே இருந்தது. வேனிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"யாருதுய்யா இது?"

துரைத்தனம் மிஷினைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "பெரியதனக்காரருதுங்க."

"பேரு சொல்லு."

"பேரு சொல்லி யாருங்க கூப்புடறாங்க? பெரியதனம்னா பெரியதனந்தாங்க."

"எந்த ஊரு?"

"ஜாகீருங்க."

"யோவ், அந்த ஜாகீரெல்லாம் இப்ப கெடையாது."

"ஆமாங்க, துரைத்தனத்துல எடுத்துக்கினாங்க. ஆனா ஊரு அங்கியேதான் கீது."

எங்களை நிறுத்தியிருந்த வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் கெடுத்தது. சப்-இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. "இன்னா நக்கலா? எந்தக் கூட்டம்? யார் கூட வந்தே?"

துரைத்தனம் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர்தான் என்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு நான் ஒருவன்தான் நின்றேன்.

"சார் என்ன பண்றீங்க?"

"டீச்சர் சார். கவர்மெண்ட் ஸ்கூல்." இத்தனை நாள் வளர்த்த தூய தமிழில் ஒரு சொல்கூட அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"இந்த ஆளு உங்க கூட வந்தவரா?"

"தெரியாது சார்."

அப்போது துரைத்தனம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டரிடம், "அவரு வேறங்க. அவரை வுட்டுடுங்க" என்றார். பொய் சொன்னது நான். அதற்குச் சாட்சி சொன்னது அவர்.

மிஷினைத் தூக்கி வேனுக்குள் வைக்க கான்ஸ்டபிள் கை கொடுத்தார். "சக்கரத்தத் தொடாதீங்க டாணாக்காரரே, ஆயிலு கையில ஒட்டிக்கும்" என்று அவரை எச்சரித்துவிட்டுத்தான் துரைத்தனம் ஏறினார்.

கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். என் மாடிப்படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"சார், கரிவண்டி எல்லாம் நின்னு பூட்டுதாமே. நீங்களும் மலைக்குப் போயிருக்கறதாச் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு உங்க கூடதான மலைலேர்ந்து வராரு?"

நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "பின்னால வராரும்மா" என்று வந்தது.

"ஆமா, மிஷினத் தூக்கிக்கினு மெள்ளத்தான் வருவாரு." நிம்மதியாக எழுந்தவர், என் காலைப் பார்த்து நின்றார். "எவ்ளோ வீங்கிக்கினு கீது பாருங்க. வெந்நி வெச்சாந்து தரட்டா சார்?"

வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன்.

விடிந்ததும் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோவ், நான் ரிடையர் ஆகப்போறவன்யா. என்னை ஏன் இதுல இழுக்கறே?" என்றார்.

"சார், உங்க வழியனுப்பு விழாவுக்குத் தைக்கக் கொடுத்த கோட்டு அவர்கிட்டதான் இருக்கு."

"தைச்சு முடிச்சுட்டாரா?"

"ஒரு கை இன்னும் வைக்கல."

தலைமை ஆசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பிடித்தவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் அதே சப்-இன்ஸ்பெக்டர்.

"நேத்து தெரியாதுன்னீங்களே சார்?"

"பயத்துல சொன்னேன் சார். எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பையையே பாதி தூரம் நான்தான் சுமந்தேன்."

"இன்னிக்கு பயம் போயிடுச்சா?"

"இல்ல சார். இன்னிக்கு ஜாஸ்தி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீ ஏற்கெனவே மாற்றிப் பேசியவன், உன் பேச்சை எப்படி நம்புவது என்பது அந்தப் பார்வை. தலைமை ஆசிரியர் பள்ளியைப் பற்றிச் சொன்னார், கோட்டைப் பற்றியும் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து ஆளை அடையாளம் சொன்னால் பார்க்கலாம் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பைக்கில் வந்து இறங்கினார் மீசைக்காரர்.

"இவரா? நடுத்தெருவுல கர்ணம்னு கூப்புட்டு என் மானத்த வாங்கறவரு சார். எங்க பார்த்தாலும் சொல்வேன், நல்லாத் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. துரைத்தனத்தைக் கண்டாலே சுற்றிக்கொண்டு ஓடியவர், ஒரு நொடி யோசிக்காமல் சொன்ன சொல் அது.

உள்ளே போனோம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் துரைத்தனம் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தள்ளுமுள்ளில் சட்டை கிழிந்த இளைஞர்கள் வெற்றுடம்போடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் பொத்தான் தெறித்த கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள். "போலாம் வாங்க" என்று தலைமை ஆசிரியர் கூப்பிட்டதற்கு, "இன்னும் ரெண்டு சொக்காய் கீதுங்க பெரிய உபாத்தியாரே, முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். போலீசும் காத்திருந்தது.

வெளியே வந்ததும், "மன்னிச்சிடுங்க" என்றேன். தெருவிலேயே அழுதுவிட்டேன்.

அவர் என் தோளைத் தட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ரம்பத்தைப் போலீஸ் திருப்பித் தரவில்லையே, பெரியதனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அதே கவலை. நானே ஒரு புது ரம்பம் வாங்கிக்கொண்டு மலையேறிப் போய்க் கொடுத்தேன். பெரியதனக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, பல் சரியில்லை, சாணை பிடித்துக் கொண்டுவா என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் துரைத்தனம் என் மாடிக்கு வந்தார். "உபாத்தியாரே, இந்தக் காலத்துப் பேச்சு எனக்குச் சொல்லிக் குடுங்க."

பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். என்னால் வந்த பயம். நானே தீர்க்க வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலங்களில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் நான் யார்? எனக்குத் தெரிந்த புதுத் தமிழ் வானொலிச் செய்தித் தமிழ். அதைத்தான் கொடுத்தேன். டாணாக்காரர் காவலர் ஆனார். கரிவண்டி பேருந்து ஆயிற்று. அவர் தையற்கலைஞர் ஆனார்.

ஊர் திடுக்கிட்டுப் போயிற்று. பஸ் நிலையத்தில் ஒரு காலை, "நடத்துநர் அவர்களே, இப்பேருந்து எங்கு செல்கிறது?" என்று ஒரு குரல். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"இன்னா பெருசு, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

அடுத்த மறியலின்போது சாலையில் போலீஸ் மறுபடியும் இவரை நிறுத்தியது. "வணக்கம் காவலர் அவர்களே. நான் தையற்கலைஞர். இது கத்தரிக்கோல். இதனால் மரம் வெட்ட இயலாது." யாரோ பெரிய மேடைப் பேச்சாளர் என்று நினைத்து, ஓரமாக நிழலில் போகச் சொல்லி வழிவிட்டார்களாம். கேள்விப்பட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. செய்த தவற்றுக்கு ஈடு செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

நாள் போகப் போகத்தான் கவனித்தேன். ஏழுமலை டீக்கடைப் பக்கம் போனால் தென்னந்தட்டிக்கு உள்ளே பழைய துரைத்தனத்தின் குரல் கேட்கும். நான் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்த மறு நொடி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வாருங்கள் ஆசிரியர் அவர்களே, அமருங்கள்" என்பார். கடை முழுவதும் சிரிக்கும். ஊரிடமெல்லாம் பழைய பேச்சு திரும்பிவிட்டது. என்னிடம் மட்டும் வானொலி.

"என்கிட்டயும் பழையபடி பேசுங்களேன்" என்று கெஞ்சினேன். நானே போய், "ஒரு சராய் தைக்கணும்" என்றும் சொல்லிப் பார்த்தேன். "கால்சட்டைதானே? தைத்துவிடலாம்" என்றார். கோபத்தை இத்தனை மரியாதையாக ஒருவர் காட்ட முடியுமா என்று பல நாள் தூக்கம் போயிற்று. அவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நான் தட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். நின்றேன். ஏழுமலை ஒன்றும் கேட்காமல் தட்டி இடுக்கு வழியாக கிளாசை நீட்டுவார்.

அப்படி நின்ற ஒரு நாள் உள்ளே யாரோ கேட்டார்கள். "ஏன் பெருசு, அந்த வாத்தியாரு வந்தா மட்டும் ஒரு மாதிரி பேசறே? அன்னிக்கு மாட்டிவுட்டாரே, அந்தக் கோவமா?"

"அட, கோவம் இன்னாத்துக்கு?" என்றார் துரைத்தனம். "நான் வேன்ல ஏறினப்ப அது நின்ன நெலய நீ பாக்கலியே. கையி காலு எல்லாம் வெடவெடன்னு ஒதறுது. பச்சப் புள்ள. நம்ம பேச்ச காதுல கேட்டா அதுக்கு அந்த நாளு ஞாபகம் வந்துடும். எதுக்கு வம்பு? அது எதிர்ல நாமதான் கொஞ்சம் பாத்துப் பேசணும்."

கையில் இருந்த டீ ஆறிப்போய்விட்டது. கிளாசைத் தட்டி ஓரமாகச் சத்தமில்லாமல் வைத்தேன். பிறகு சுற்றிக்கொண்டு போய், அப்போதுதான் வருகிறவன் போல முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன்.

"வாருங்கள் ஆசிரியர் அவர்களே" என்றார்.

"வணக்கம் ஐயா" என்று அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டேன்.